மறுமொழி: தெர்மல் த்ராட்லிங்குக்கு 'வேகத்தணிவு' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். கணினி சூடேறும்போது செயலி (கணக்குகளைச் செய்யும் சிப்) தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதைத்தான் தெர்மல் த்ராட்லிங் என்கிறார்கள். பழைய கணினிகளைச் சீர்செய்வது பற்றிய நம் கையேட்டுக்கு இதற்கொரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். நான் முன்வைத்தது 'வேகத்தணிவு'. அதற்கு வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> 'வெப்ப மட்டுப்படுத்தல்' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியுமே.

புரியும் ஐயா, ஆனால் தலைகீழாகப் புரியும். 'விலைக் கட்டுப்பாடு' என்றால் விலையைக் கட்டுப்படுத்துவது. அதே பழக்கத்தில் 'வெப்ப மட்டுப்படுத்தல்' என்று படிப்பவர் வெப்பத்தை மட்டுப்படுத்துவது என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வருவதோ வெப்பத்தால் வேகம் மட்டுப்படுவதை. மறைந்து நிற்கும் வேற்றுமை உருபு 'ஐ'யா 'ஆல்'ஆ என்று வாசகர் நின்று யோசிக்க வேண்டிய சொல் கையேட்டுக்கு ஆகாது. 'வெப்ப ஒடுக்கம்' என்பதிலும் இதே சிக்கல்தான். அதோடு ஒடுக்கம் என்றவுடன் பள்ளி வேதியியல்தான் நினைவுக்கு வரும்.

சொல்லை முடிவுசெய்யும் முன் இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 2015 வாக்கில் வந்த ஒர்க்ஸ்டேஷன் மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். ஐ7-6820எச்கியூ மாதிரியான செயலி என்றால் அடிப்படை வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (தேவைப்படும்போது செயலி தானே வேகத்தைக் கூட்டிக்கொள்வது) 3.6 வரை போகும், மின்திறன் 45 வாட். இது மூன்று காரணங்களால் வேகம் இழக்கலாம். உள்வெப்பநிலை 100 டிகிரியைத் தொட்டால் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வெப்பநிலை 75 டிகிரியில்தான் இருக்கிறது என்றாலும், குறுகிய நேரத்துக்கு அனுமதித்த கூடுதல் மின்திறன் முடிந்துபோனால் நீண்டநேர வரம்புக்கு இறங்கிவிடும். மூன்றாவது, செயலிக்கு வெளியே இருந்து வரும் சைகை. சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டாலோ, போர்டில் வேறொரு சென்சார் பழுதானாலோ, செயலி குளிர்ந்தே இருந்தாலும் 800 மெகாஹெர்ட்ஸில் முடங்கிக் கிடக்கும். இப்படிப்பட்ட இயந்திரத்துக்கு வெப்பப்பசை (செயலியின் சூட்டை வெளியே கடத்த அதன் மேல் தடவும் பசை) மாற்றிப் பயனே இல்லை. 'ஹீட் ஆகி ஸ்லோ ஆகுது' என்று முடிவுகட்டிப் பணத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் அடிச்சொல்லுக்குள் வெப்பம் இருக்கக் கூடாது என்கிறேன்.

என் பரிந்துரை வேகத்தணிவு. காரணத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'வழி' சேர்ப்போம்: வெப்பவழி வேகத்தணிவு, மின்வரம்புவழி வேகத்தணிவு, சைகைவழி வேகத்தணிவு. 'வாய்வழி', 'நரம்புவழி' என்று மருத்துவத்தில் ஏற்கெனவே பழகிய அமைப்புதான்.

> நீளமாக இருக்கிறது. 'தணிவு' என்றால் வெப்பம் தணிவது என்றும் ஆகுமே.

நீளம் முதல் தடவைதான். அடுத்த வரியிலிருந்து 'தணிவு' போதும். வெப்பமும் தணியும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் 'வேக' என்பதைச் சொல்லின் உள்ளேயே வைத்தேன். புயலின் வேகம் தணிந்தது என்று இயல்பாகச் சொல்கிறோம், செயலிக்கும் அது ஒட்டுகிறது.

இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தணிதல், தணித்தல் என்ற இணை நமக்குத் தானாகவே கிடைக்கிறது. நாம் கேட்காமல் வேகம் விழுந்தால் அது வேகத்தணிவு. நாமே தெரிந்து ஒரு வரம்பு வைத்தால் அது வேகத்தணிப்பு. பழைய இயந்திரத்தைச் சீர்செய்வதன் பெரும்பகுதி தணிவை அகற்றிவிட்டுத் தணிப்பை வைப்பதுதான். 45 வாட்டில் ஓடவிட்டு 100 டிகிரியில் முட்டி, விழுந்து, மறுபடி ஏறி அல்லாடும் செயலிக்கு 35 வாட் வரம்பு வைத்துப் பாருங்கள். வேகம் ஒரே சீராக நிற்கும், விசிறியின் அலறலும் அடங்கும். நீண்ட ரெண்டரிங் (படம், காணொளியைக் கணித்து உருவாக்கும்) வேலையில் மொத்த நேரம் பெரிதாகக் கூடாமலே முடியலாம். விண்டோஸில் அதிகபட்ச செயலி நிலையை 99 சதவீதமாக வைத்தால் பல பழைய இயந்திரங்களில் டர்போ நின்றுவிடும். லினக்ஸில் செயலியின் வேகத்தை ஆளும் இன்டெல் பிஸ்டேட் இயக்கியின் 'நோ டர்போ' கோப்பில் 1 என்று எழுதினால் போதும். இரண்டுமே வேகத்தணிப்பு.

செயலிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் அண்டர்வோல்டிங்கும் இதே குடும்பத்தில் வந்து அமர்கிறது: மின்னழுத்தத் தணிப்பு. செயலி வேலை செய்யும்போது எரிக்கும் மின்திறன் (இயங்குதிறன்) மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தால் அதே வேகத்தில் அந்தத் திறன் சுமார் 19 சதவீதம் குறையும். வேகத்தை விட்டுக்கொடுக்காமல் சூட்டைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மின்னழுத்தத்தை மாற்றியே இன்டெல் செயலியைத் தாக்க முடியும் என்று காட்டிய பிளண்டர்வோல்ட் பாதுகாப்புக் குறை 2019 டிசம்பரில் வெளியான பிறகு, பல இயந்திரங்களில் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு இந்த வழியை அடைத்துவிட்டது. கையேட்டில் இதைக் கட்டாயம் எழுத வேண்டும், அளவு மீறினால் கணினி உறைவதோடு நிற்காமல் கணக்கே சத்தமில்லாமல் தப்பாகலாம் என்பதையும். வழி அடைபட்டவர்களுக்கு வேகத்தணிப்புதான் கைகொடுக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் தூசி. விசிறிக்கும் ஹீட் சிங்க்கின் (சூட்டைக் காற்றில் விடும் உலோகப் பகுதி) தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் போகாது, திறந்துதான் எடுக்க வேண்டும். பசை காய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடலாம். செயலியும் வரைகலைச் செயலியும் வெப்பக்குழாயைப் பகிரும் மாடல்களில் இரண்டுக்கும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்று சூடானால் மற்றதன் வேகமும் தணியும். அப்புறம்தான் மென்பொருள் வேலை.

சரி, சொல் உண்மையில் நிற்கிறதா என்று லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) பதிவில் வரும் செய்தியை மொழிபெயர்த்துப் பார்த்தேன்:

'உள்ளக வெப்பநிலை வரம்பைத் தாண்டியது, செயலி வேகம் தணிந்தது.'

வேறெந்தப் பரிந்துரையிலும் இந்த வரி இவ்வளவு இயல்பாக அமையவில்லை. 'மட்டுப்படுத்தப்பட்டது' என்று போட்டால் யாரோ வெளியாள் வந்து செய்த மாதிரி இருக்கிறது.

> செயலி தானேதானே செய்கிறது? அப்படியானால் அதுவும் தணிப்புதானே?

நல்ல கேள்வி. சுற்றின் வடிவமைப்பை எழுதுபவர் 'செயலி வேகத்தைத் தணிக்கிறது' என்று தாராளமாக எழுதலாம். நம் கையேட்டு வாசகர் இயந்திரத்தின் முன்னால் இருப்பவர். தான் வைத்த வரம்பா, தன்னை மீறி நடந்ததா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு இன்னும் நிறைவு தராதது 'சைகைவழி' மட்டும். சார்ஜர் பிரச்சினையைத் தேடி வருபவருக்கு அது எதையும் உணர்த்தாது. 'வெளித்தூண்டல்' என்று ஒன்று தோன்றியது, அதிலும் முழு மனமில்லை. மின்னணுவியல் பழக்கமுள்ள நண்பர்கள் இதற்கு மட்டும் ஒரு நல்ல சொல் தாருங்கள். மற்ற இரண்டுக்கும் மறுப்பு இல்லையென்றால் கையேட்டின் மூன்றாம் பகுதியில் சேர்த்துவிடுகிறேன்.