ஆறு மாத மாத்திரையும் ஒரு கானாப் பாட்டும்: வடசென்னை அனுபவங்கள்

வியாசர்பாடியிலிருந்து

காசநோய்க் களப்பணியாளராக ஒன்பது ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். வாசலில் நின்று 'டி.பி.' என்று சொன்னாலே கதவைச் சாத்துவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணுக்கு வரன் அமைவதும் வாடகைக்கு வீடு கிடைப்பதும் அந்த ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டிருக்கின்றன.

2019இல், எங்கள் பின்தெருவில் கானா பாடும் தம்பியிடம் போனேன். சாவு வீட்டுப் பந்தலில் விடிய விடியப் பாடுகிறவன். அவனுடைய தாய்மாமன் இந்த நோயில்தான் போனார். நான் எழுதிக்கொண்டு போன பாட்டைப் படித்துவிட்டு, தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"அக்கா, இது உங்கள் துண்டறிக்கைதான். ஜனங்கள் எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், நான் அதைப் பாடுகிறேன்."

இரண்டு இடங்களைச் சொன்னேன். சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் மூன்று. ஆனால் இரண்டாவது மாதமே இருமல் நின்றுவிடும், உடம்பில் சதை பிடிக்கும், ஆள் மறுபடியும் மூட்டை தூக்கப் போய்விடுவார். மாத்திரை அப்படியே நின்றுவிடும். உள்ளே மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரக்கூடும். இன்னொன்று, சிறுநீர். ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரை ஆரஞ்சு கலந்த சிவப்பாக்கிவிடும், கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறும். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால், ரத்தம் போகிறதென்று பயந்து மாத்திரை அட்டையைக் கூரை இடுக்கில் செருகி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டான். காலையில் எழுந்து போனவன் சிவப்பைப் பார்த்து அலறுகிறான், பெண்டாட்டி ஓடி வருகிறாள், மாமியார் செய்வினை என்கிறாள், கடைசியில் அது மருந்தின் நிறம் என்று தெரிகிறது. பாட்டு அவ்வளவுதான். டோலக்கு ஒருவர், கவிழ்த்த பிளாஸ்டிக் குடத்தில் தாளம் போட ஒரு பையன். தண்ணீர் பிடித்து முடிந்து பெண்கள் சற்று ஓய்ந்திருக்கும் மாலை நேரமாகப் பார்த்து, கேரம் மன்றத்து வாசலில் பாடினான்.

ஒரு ஆயா எழுந்து நின்று சண்டை பிடித்தார். "செத்தவனுக்குப் பாடுவதை உயிரோடு இருக்கிறவனுக்கு ஏன் பாடுகிறாய்?" அவர் கேட்டது நியாயம் என்றே எனக்குப் பட்டது. தம்பியும் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த வாரம் ஒப்பாரிச் சாயலை அடியோடு எடுத்துவிட்டு, கல்யாண வீட்டில் பாடும் துள்ளல் மெட்டுக்கு மாற்றினான். நாங்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: நோயாளி இருக்கும் வீட்டுக்கு எதிரே ஒருநாளும் பாடக் கூடாது.

அப்படிப் பாடிய ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு பெண் முந்தானையில் எதையோ பொதிந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார். பிரித்தால் மாத்திரை அட்டைகள். பதினொரு நாள் மாத்திரை அப்படியே இருந்தது. "அவர் சிவப்பாகப் போகிறதென்று நிறுத்திவிட்டார் அக்கா. பாட்டைக் கேட்ட பிறகுதான் என்னிடமே சொன்னார்." மறுநாள் காலையில் இருவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

நோயாளியை வீட்டில் வைத்திருக்கலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். அவர்களுக்கு நம் ஊர்க் கதையையே சொல்வேன். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சென்னையின் ஏழைக் குடும்பத்து நோயாளிகளில் ஒரு பாதியை வீட்டிலும் மறுபாதியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகமாகவில்லை. உலகமே பிறகு அந்த வழியில் வந்தது. இந்தச் செய்தியையும் பாட்டில் சேர்க்கச் சொல்லித் தம்பியை இன்றுவரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்ததும் என் வகுப்பு நினைவுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். டெங்கு பற்றிப் பாடம் எடுக்காமல், ஒரு கண்ணாடிப் புட்டியில் கொசுப்புழுக்களைப் பிடித்துக்கொண்டு போய் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். தலைகீழாகத் தொங்கி மூச்சு விடுவதும், தட்டினால் நெளிந்துகொண்டு அடியில் இறங்குவதும் தெரிந்தன. நாற்பது பிள்ளைகளும் மூச்சுக் காட்டவில்லை. பிறகு அவர்களே மார்கழிக் கோலத்தில் டிரம்மும் புழுவும் மூடியும் வரைந்தார்கள். தெருவே நின்று பார்த்தது.

ஒரு மாணவனின் அம்மா மட்டும் பள்ளிக்கே வந்துவிட்டார். "லாரித் தண்ணீர் வருவது எப்போதென்றே தெரியாது. வாரா வாரம் டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னால் சமையலுக்கு எங்கே போவேன், டீச்சர்?" எனக்கு வெட்கமாகிவிட்டது. சாக்கடையைவிட நல்ல தண்ணீரைத்தான் இந்தக் கொசு தேடி வரும் என்று சொல்லிக்கொடுத்தேனே தவிர, அந்த நல்ல தண்ணீர் அவர் வீட்டுக்கு எப்படி வருகிறது என்று யோசிக்கவே இல்லை. அதன் பிறகு பாடத்தை மாற்றினேன். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து டிரம்மின் வாயில் இறுகக் கட்ட வேண்டும். தண்ணீர் தீர்ந்த அன்றைக்குத் தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் முட்டைகள் கரித்தூள் மாதிரி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும்.

திருவொற்றியூரிலிருந்து

நான் தெருக்கூத்தில் கட்டியக்காரன், அதாவது ஆட்டத்தை நடத்திச் சிரிக்கவைக்கும் கோமாளி வேடம் கட்டுகிறவன். மழைக்காலத்தில் குடிநீரில் சாக்கடை கலந்து குழந்தைகளுக்குப் பேதி கண்ட ஒரு வருடம், குப்பத்துக்குள் ஆடினோம். ராஜாவின் பிள்ளைக்குப் பேதி. நான் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கிழித்து, வேண்டுமென்றே ஒரு சின்ன டம்ளர் தண்ணீரில் முழுவதையும் கொட்டினேன். கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார்: "ஒரு லிட்டர் அண்ணா, ஒரு லிட்டர்!" காது கேட்காதவன் போல ராஜாவிடம் திரும்பினேன். மொத்தப் பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். ஒருவர் வீட்டுக்கு ஓடி ஒரு லிட்டர் பாட்டிலையே கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களை அழைத்த அலுவலகம் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டது. ஆட்டோச் செலவு எங்கள் கையை விட்டுப் போனது. மத்தளக்காரர் துறைமுக வேலைக்குப் போகாமல் அன்றைய கூலியை இழந்துவிட்டு வந்திருந்தார். வியாசர்பாடி அக்கா, அடுத்த முறை எங்களையும் கூப்பிடுங்கள், கட்டாயம் வருகிறோம். கூலியை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அந்தத் தம்பிக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.