பிரேசல் வெர்புக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு)

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
வணக்கம். தமிழ்வழிப் பத்தாம் வகுப்புக்கான ஆங்கில இலக்கணக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எஸ்எஸ்எல்சி வினாத்தாளில் பிரேசல் வெர்ப், அதாவது வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் ‘புட் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர்’ (கவனித்துக்கொள்) எல்லாம் கோடிட்ட இடத்தில் வரும். ‘மரபுத்தொடர்’ என்று போட்டால் ஐடியத்தோடு குழம்புகிறார்கள். தனிச்சொல் வேண்டும்.

சித்தூர் மாஷ்:
கூட்டுவினை போதுமே டீச்சர். ‘தள்ளிப்போடு’ என்பதில் யார் எதைப் போடுகிறார்கள்? புட் ஆஃபுக்கு அதுதான் நேர். மலையாளத்தில் ‘மாற்றிவெக்குக’.

செங்கோட்டைப் புலவர்:
ஒப்பேன். கூட்டுவினையில் நிற்பவை இரண்டும் வினை. ‘ஆஃப்’, ‘அப்’ வினையா? ‘இடையெனப் படுப பெயரொடும் வினையொடும் நடைபெற்று இயலும்’ என்ற தொல்காப்பியர் கணக்கில் அவை இடைச்சொல்லே. ஆகவே ‘இடைவினை’. ஜெர்மனில் கிவ் அப் என்பது ‘ஔஃப்கேபன்’. வாக்கியத்தில் ‘ஔஃப்’ கழன்று கடைசிக்குப் போய்விடும். அந்தப் பிரிவை நோக்கினால் ‘பிரிநிலைவினை’ இன்னும் செம்மை.

சித்தூர் மாஷ்:
உங்கள் கிவ் அப்புக்குத் தமிழ் ‘கைவிடு’. அதில் கை எந்த வினை, ஐயா? ஜெர்மன் வரை போய்விட்டீர்கள், வெள்ளிக்கிழமைக்குள் திரும்புவீர்களா?

மூணாறு:
பிரிநிலை என்றால் பிள்ளைக்குத் தமிழ் இலக்கணத்துப் பிரிநிலை ஏகாரம்தான் ஞாபகம் வரும். தமிழ்த் தேர்விலும் கவிழ்க்க வேண்டாம். தவிர, எல்லாம் பிரிவதில்லை. ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்பதிலோ நடுவில் எதையும் நுழைக்க முடியாது. மதிப்பெண் போவது இங்கேதான். ‘ஒட்டுவினை’ என்று வைத்தால் பிரியும் ஒட்டுவினை, பிரியா ஒட்டுவினை என்று வகுக்கலாம்.

பாலக்காடு, ஐஈஎல்டிஎஸ் பயிற்சி:
பெயர் எதுவானாலும் சரி, எங்கே எழுதலாம் என்பதையும் கையேட்டில் சேருங்கள். இங்கே வெளிநாடு போக ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்சுகள் கட்டுரையில் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ (கொட்டும் மழை) போன்ற ஐடியங்களைத் திணிக்கிறார்கள். பேச்சுத் தேர்வின் மதிப்பீட்டு விளக்கத்தில் இயல்பான ஐடியத்துக்கு இடமுண்டு. அதற்காகக் கட்டுரையில் கொட்டக்கூடாது. தோழிக்கு எழுதும் கடிதத்தில் ‘புட் ஆஃப்’, தலைமையாசிரியருக்கு ‘போஸ்ட்போன்’. எல்லா ஒட்டுவினையும் கொச்சை என்றும் சொல்லிவிடாதீர்கள். ‘கேரி அவுட்’ (செயல்படுத்து) ஆய்வுக் கட்டுரையிலும் உறுத்தாது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நன்றி. ஒட்டுவினைக்கு ஆதரவு கூடுதல். முதலில் ‘பிரேசல் வெர்ப்’, அடைப்புக்குறிக்குள் ஒட்டுவினை. வினாத்தாளில் ஆங்கிலப் பெயர்தானே வரும்.

செங்கோட்டைப் புலவர்:
அடைப்புக்குறிக்குள் தமிழா! தவிர, தண்டியலங்காரத்தில் ஒட்டணி உண்டு: கருதியதை மறைத்து, ஒத்த வேறொன்றைச் சொல்லி உணர்த்துவது. அப்படியானால் ‘ஒட்டு’ ஐடியத்துக்கே உரிய பெயர். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். விரிவாகத் தனி இழையில்.

சித்தூர் மாஷ்:
தனி இழை, சனிக்கிழமை.