ஒரே தோட்டா, இரண்டு அளவுக் குழி: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கணபதி லேத்துக்காரர்:

டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்குப் பொழுது போனதெல்லாம் மாப்பிள்ளையின் கார் ஷெட்டில்தான். அவர் பிஸ்டல் போட்டிகளுக்குப் போகிறவர். சுட்ட பிறகு விழும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, மறுபடியும் தோட்டாவாக்குகிறார். அங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்து கொள்ளலாம், விற்பதென்றால்தான் லைசென்ஸ். நம் நாட்டில் 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வதே குற்றம். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் பட்டறையில் இறங்க வேண்டாம். எனக்குச் சுடுவதில் ஆசையும் இல்லை. அங்கே பார்த்த ஒரு டூல்ரூம் சமாச்சாரம்தான் மனதில் நிற்கிறது.

அவர் சுடுவது .45 ஏசிபி என்கிற ரகம். பெரிய தோட்டா, ஆனால் அழுத்தம் குறைவு. 9 மி.மீ. தோட்டாவின் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு (பிஎஸ்ஐ) என்றால் இதற்கு 21,000தான். அதனால் கூடு சீக்கிரம் களைத்துப் போவதில்லை, பல தடவை திரும்ப நிரப்பலாம். கூட்டின் அடியில் நடுமத்தியில் ஒரு குழி இருக்கும். ப்ரைமர் என்கிற குட்டிக் கிண்ணத்தை அதில் அழுத்திப் பொருத்துவார்கள். துப்பாக்கியின் அடி-ஊசி வந்து அடித்ததும் ப்ரைமர் பொறிவிட்டு உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்ற வைக்கும்.

இந்த .45க்குக் காலங்காலமாகப் பெரிய ப்ரைமர்தான், விட்டம் 0.210 அங்குலம். பிற்பாடு ஈயம் கலக்காத ப்ரைமர் வந்தபோது சில கம்பெனிகள் அதே .45 கூட்டில் 0.175 அங்குலச் சின்னக் குழி போட ஆரம்பித்தன. அப்புறம் சாதாரணத் தோட்டாவிலும் சின்னக் குழி வந்துவிட்டது. 9 மி.மீ.க்குப் போடும் ப்ரைமரையே இதற்கும் போட்டுவிடலாம் என்ற சௌகரியம் கம்பெனிக்கு. சுடும் மைதானமான ரேஞ்சில் பொறுக்குகிறவன் பாடுதான் திண்டாட்டம். வெளி அளவு, நீளம், எடை எதிலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அடியில் பொறித்த பெயரையும் நம்ப முடியாது, ஒரே பெயரில் இரண்டு குழியும் வரும்.

மாப்பிள்ளையிடம் இருப்பது கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் நாலைந்து வேலை ஒன்றாக நடக்கும் பிரஸ். ஒரு பக்கம் பழைய ப்ரைமர் வெளியே போகும், அங்கேயே புதுசு ஏறும், அடுத்த இடத்தில் மருந்து விழும், அதற்கடுத்து குண்டு உட்காரும். நடுவில் ஒரு சின்னக் குழிக் கூடு வந்ததும் கைப்பிடி பாதியில் நின்றது. "ஏனுங் மாமா, இதை நீங்க கொஞ்சம் அழுத்திப் பாருங்களேன்" என்றார். எந்த மெஷினும் நடுவில் முரண்டு பிடித்தால் அழுத்தக் கூடாது என்பது நம் பட்டறையில் பையன்களுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம். இதில் இன்னும் மோசம்: 5.3 மி.மீ. பெரிய ப்ரைமரை 4.4 மி.மீ. சின்னக் குழிக்குள் திணித்தால் அது நசுங்கி அங்கேயே வெடிக்கலாம், மேலே குழாயில் இன்னும் நூறு ப்ரைமர் வரிசையில் நிற்கிறது. கண்ணாடியைப் போடுங்கள் மாப்பிள்ளை, முதலில் கையை எடுங்கள் என்றேன்.

அவர் அதுவரை கண்ணால் பார்த்துத்தான் பிரித்திருக்கிறார். பழைய ப்ரைமர் குழியிலேயே இருக்கும்போது பகல் வெளிச்சத்தில் சின்னதும் பெரியதும் தெரியத்தான் செய்கிறது. ஆனால் கூடை நிறையப் பார்த்துக்கொண்டு போனால் கண் ஏமாற்றிவிடும். எங்கள் வேலையில் இதற்கு வழி உண்டு, கோ, நோ-கோ கேஜ்: நுழைகிறதா, நுழையவில்லையா என்று மட்டும் பார்க்கும் அளவுக் கருவி. நான் அவருடைய டிரில் பெட்டியிலிருந்து 4.8 மி.மீ. டிரில் ஒன்றை எடுத்துப் பின்பக்கத் தண்டை நீட்டினேன். பெரிய குழிக்குள் அது வழுக்கிக்கொண்டு போகும், சின்னதில் வாயிலேயே நிற்கும். அதற்காக வேலை முறையையே மாற்றச் சொன்னேன். முதலில் பழைய ப்ரைமரை மட்டும் தனியாகத் தட்டி எடுப்பது, பிறகு கழுவிக் காய வைப்பது, காய்ந்ததை ஒவ்வொன்றாக டிரிலில் குத்திப் பார்த்து இரண்டு டப்பாவில் போடுவது, அதற்கப்புறம்தான் பிரஸ். வேலை ஒரு படி கூடும், அது உண்மைதான். ஆனால் பிரித்துப் பார்ப்பது பிரஸ் மேலே நடக்கிற வேலையே இல்லை என்பது என் கட்சி.

கோபி மிலிட்டரி:

லேத்துக்காரரே, ராணுவத்துக் கூட்டில் இன்னொரு தொந்தரவு உண்டு. ரேஞ்சில் நாங்கள் சுட்டதும் கோக்காவை, அதாவது காலிக் கூட்டை, எண்ணிக் கணக்குக் காட்டிவிட்டுத்தான் டீ குடிக்கவே போவோம். ஒன்று குறைந்தாலும் புல்லுக்குள் தேட வேண்டும். அப்படித் தேடித் தேடியே அடிப்பக்கம் பழகிவிட்டது. பல ராணுவக் கூடுகளில் ப்ரைமரைச் சுற்றி விளிம்பை அழுத்தி மடக்கியிருப்பார்கள், அதிர்ச்சியில் பின்வாங்கித் துப்பாக்கிக்குள் விழக் கூடாதென்று. திரும்ப நிரப்புகிறவன் அந்த மடிப்பைச் சீவியோ தள்ளியோ எடுக்காமல் புது ப்ரைமரை ஏற்ற முடியாது. ஏறினாலும் முழுதாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அது ஆபத்து, அடியோடு சமமாகவோ ஒரு நூலிழை உள்ளேயோதான் இருக்க வேண்டும்.

இன்னொன்று, உள்ளே எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரே ஓட்டை இருப்பது பாக்சர் வகை, பக்கத்துக்கொன்றாக இரண்டு சின்ன ஓட்டை இருப்பது பெர்டன். இரண்டாவதில் பழைய ப்ரைமரைத் தட்டி எடுக்கும் உங்கள் மாப்பிள்ளையின் ஊசி நுழையாமல் முறியும். வேடிக்கை என்னவென்றால் பாக்சர் இங்கிலாந்துக்காரர், அவர் முறை அமெரிக்காவில் ஓடுகிறது. பெர்டன் அமெரிக்கர், அவர் முறை ஐரோப்பா பக்கம் போய்விட்டது.

தாராபுரம் அம்மிணி:

எனக்கு இந்தக் குழி கிழி எதுவும் தெரியாதுங்க. நங்கையாள் மகன் அங்கிருந்து வரும்போது காலிக் கூட்டைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டு வந்தான், அழகுக்கு. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குப் போகிறபோது ஸ்கேனில் தெரிந்து, விசாரணை, எழுதிக் கொடுப்பது என்று விமானமே போய்விட்டது. சட்டத்தில் தோட்டா என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதானாம். யாருக்கும் ஞாபகப் பொருள் என்று கொடுத்துவிடாதீங்க. லேத்துக்காரரே, அந்தச் சின்னக் குழிக் கூட்டையெல்லாம் அப்புறம் என்ன செய்வாங்க, பழைய பித்தளைக்கா?

கணபதி லேத்துக்காரர்:

பழைய பித்தளைக்குப் போட வேண்டியதில்லை அம்மிணி, எழுபதுக்கு முப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த நல்ல சரக்கு அது. சின்ன ப்ரைமர் போட்டாலும் .45 நன்றாகவே சுடுகிறது. மருந்தின் அளவை மட்டும் பெரிய ப்ரைமர் கணக்கில் அப்படியே எடுக்காமல், கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை சொன்னார். பிரஸ்ஸில் ப்ரைமர் ஏற்றும் பாகத்தைக் கழற்றிச் சின்ன அளவுக்கு மாற்றுவது எரிச்சலான வேலை. அதனால் டப்பா நிறையும் வரை சேர்த்து வைத்து, ஒரே மூச்சில் நிரப்பிக்கொள்கிறார். சில போட்டிகளில் கீழே விழுந்த கூட்டைப் பொறுக்க விட மாட்டார்களாம். அங்கே கொண்டுபோய்ச் சுடுவது இந்தச் சின்னக் குழிக் கூடுகளைத்தான்.