யார்க்ஷயர் புட்டிங்: ‘பொங்கப்பம்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் இறைச்சியோடு உண்ணும், ஓவனில் சுட்ட பண்டமான யார்க்ஷயர் புட்டிங்குக்குத் தமிழ்ப் பெயர் தேடித் தொடங்கிய இந்த இழையில் இதுவரை ‘ஆவியப்பம்’, ‘உப்படை’, ‘மாக்களி’ ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. ‘புட்டிங்’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டு பண்டத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டோமோ என்ற ஐயமும் இருப்பதால், அது ஓவனுக்குள் என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

புட்டிங் என்றதும் நம்மில் பலருக்குக் கேரமல் வழியும் இனிப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் குறித்தது குடலுக்குள் அடைத்து வேகவைத்த இறைச்சிப் பண்டத்தை. இரத்தத்தைச் சேர்த்துச் செய்யும் தொத்திறைச்சியை இன்றும் அங்கே ‘பிளாக் புட்டிங்’ என்றே அழைக்கிறார்கள். எனவே அந்தச் சொல்லின் பொருளைத் தமிழில் பெயர்த்து நமக்குப் பயன் இல்லை.

பண்டத்துக்கு வருவோம். முட்டை, பால், மைதா மூன்றையும் ஏறக்குறைய ஒரே கன அளவில் எடுத்து, சிறிது உப்பிட்டு, கட்டியில்லாமல் கரைத்து, அரைமணி நேரமாவது ஊற வைக்கிறார்கள். ஈஸ்ட் இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை, புளிக்க வைப்பதும் இல்லை. குழிகள் கொண்ட தட்டில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு தேக்கரண்டி அளவு கொழுப்போ சூரியகாந்தி எண்ணெயோ விட்டு, 220 பாகை செல்சியஸில் அது புகையத் தொடங்கும் வரை சூடேற்றி, மாவை ஊற்றினால் ஊற்றிய கணமே சுர்ரென்று ஓசை எழ வேண்டும். அந்த ஓசை வராவிட்டால் மேற்கொண்டு காத்திருப்பதில் பொருள் இல்லை என்பது என் அனுபவம்.

கொதிக்கும் கொழுப்பைத் தொட்ட விளிம்பில் முட்டையின் புரதமும் மைதாவின் பசையமும் (குளூட்டன்) இறுகி மெல்லிய சுவராக மாறுகின்றன. உள்ளே இன்னும் நீர்மமாக இருக்கும் மாவிலுள்ள நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கும் மேலாகப் பெருகுவதால், வெளியேற வழியில்லாத அந்த ஆவி இளகிய மேற்பரப்பைத் தூக்கிக்கொண்டு குழியின் விளிம்பைத் தாண்டி மேலே எழுகிறது. இருபது இருபத்தைந்து நிமிடங்களில் சுவர் முழுவதும் உலர்ந்து பொன்னிறமாகி, நடுவில் பள்ளமோ பொந்தோ உள்ள, எடையே இல்லாதது போன்ற ஒரு கூடு கிடைக்கிறது. சுவர் இறுகுவதற்கு முன் ஓவன் கதவைத் திறந்தால் ஆவி குளிர்ந்து, எழுந்தது அப்படியே அமுங்கிவிடும். சென்ற ஞாயிற்றுக்கிழமை பத்தாவது நிமிடத்தில் ஆவலை அடக்க முடியாமல் நானே கதவைத் திறந்து, பன்னிரண்டு தட்டையான ரப்பர் வில்லைகளை உண்டாக்கினேன்.

இனி சொற்கள். ‘ஆவியப்பம்’ காரணத்தைச் சரியாகவே சுட்டுகிறது. ஆனால் தமிழ்ச் சமையலறையில் ‘ஆவி’ என்றால் வெளியிலிருந்து பண்டத்தை வேகவைக்கும் ஆவி. இட்லியும் இடியாப்பமும் வேகும் ஆவி அது. இங்கே ஆவி உள்ளேயே பிறந்து உள்ளிருந்து தள்ளுகிறது. சொல்லை மட்டும் படிக்கும் ஒருவர் இட்லிப் பானையைத்தான் எடுப்பார். ‘மாக்களி’ என்பது கிண்டி இறக்கும் களியை நினைவூட்டுவதால் நேர் எதிரான பண்டத்தைக் காட்டிவிடுகிறது.

‘உப்படை’யைப் புறந்தள்ளத்தான் எனக்கு மனம் வரவில்லை. பூரி உப்புவதும் இது எழுவதும் ஒரே இயற்பியல், இரண்டிலும் சிறைப்பட்ட நீராவிதான் வேலை செய்கிறது. ஆகவே ‘உப்புதல்’ என்ற வினை மிகப் பொருத்தமானது. ஆயினும் பெயர்ச்சொல்லாகும்போது உப்பிய அடையா, உப்புப் போட்ட அடையா என்ற குழப்பம் வருகிறது. பண்டமே இனிப்பில்லாதது என்பதால் அந்தக் குழப்பம் தானாக விலகவும் செய்யாது.

என் பரிந்துரை ‘பொங்கப்பம்’. பால் பொங்குவதை நினைத்துப் பாருங்கள். மேலே படியும் ஏட்டில் இருப்பதும் புரதம்தான். அது கீழிருந்து வரும் ஆவியை மறித்துப் பிடிப்பதால்தான் பால் நுரைத்துப் பாத்திரத்தின் விளிம்பைக் கடக்கிறது, வெறும் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் அப்படிப் பொங்குவதில்லை. தீயைத் தணித்தால் பால் அமுங்குவது போலவே சுவர் இறுகாத புட்டிங்கும் அமுங்குகிறது. தோசை மாவும் இரவில் பொங்குகிறதே, அது புளிப்பால் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், ‘பொங்கு’ என்பது காரணத்தை அல்ல, விளிம்பைத் தாண்டி எழும் காட்சியைச் சொல்கிறது, பெயருக்கு அதுவே போதும் என்று கருதுகிறேன்.

இலக்கணமும் இடைஞ்சல் செய்யவில்லை. பொங்கு + அப்பம் என்பதில் குற்றியலுகரம் கெட்டு ‘பொங்கப்பம்’ ஆகிறது. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. முட்டை சேர்ந்ததை அப்பம் என்பதா என்ற மறுப்புக்கு, முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த இலங்கையின் வட்டிலப்பமே விடை; அங்கே அதை எவரும் அரிசி அப்பத்தோடு குழப்பிக்கொள்வதில்லை.

ஒரு மறுப்பை நானே எழுப்ப வேண்டும். ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட சமையல் நூலில் உள்ள யார்க்ஷயர் புட்டிங் நான்கு முட்டைக்கு ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்கும் சற்றுக் கூடுதலான, பால் சேர்த்தது. சூடான கொழுப்பில் ஊற்றி வேகவிட்டு, பிறகு தீயருகே வாட்டும் இறைச்சியின் கீழே வைத்து, சொட்டும் கொழுப்பை அதன் மேல் விழவிட்டுச் சிவக்க வைப்பது. முட்டை அவ்வளவு குறைவாக உள்ள மாவு இன்றைய உயரத்துக்கு எழ வாய்ப்பில்லை. ஆயினும் பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் 2008இல், பாதி விளையாட்டாக, நான்கு அங்குல உயரம் எழாதது யார்க்ஷயர் புட்டிங்கே அல்ல என்று அறிவித்தது. இன்று வழங்கும் பண்டத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம் என்பதால், பொங்குவதை அதன் இலக்கணமாகக் கொள்வதில் தவறில்லை.

ஊற்றுவதற்குக் கரைத்து வைக்கும் மாவை ‘மாக்கரைசல்’ என்பது பற்றி ஒரு சொல். பாடநூல்களில் கரைசல் என்பது முழுதும் கரைந்த நிலையைக் குறிக்கிறது; ஸ்டார்ச் மணிகளோ குளிர்ந்த பாலில் கரைவதில்லை, மிதந்து நிற்கின்றன. வேதியியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வருவதற்கு முன், வீட்டில் சொல்லும் ‘கரைத்த மாவு’ என்பதையே வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல் ஏற்கப்பட்டால், ஆழமான கிண்ணங்களில் சுடும் அமெரிக்கப் ‘பாப்ஓவர்’ அமெரிக்கப் பொங்கப்பம் ஆகும். தொத்திறைச்சியை உள்ளே வைத்துச் சுடுவதை ஆங்கிலத்தில் ‘டோட் இன் தி ஹோல்’, அதாவது பொந்துத் தேரை, என்கிறார்கள். அந்தத் தேரையை அங்கேயே விட்டுவிட்டு ‘தொத்திறைச்சிப் பொங்கப்பம்’ என்று எழுதலாம். அகராதிப் பதிவுக்கான என் வரைவு:

பொங்கப்பம் (பெ.): முட்டை, பால், மைதா ஆகியவற்றைக் கரைத்துப் புளிக்க வைக்காமல், மிகச் சூடான கொழுப்பில் ஊற்றி ஓவனில் சுடும், உள்ளே பொந்துள்ள, இனிப்பில்லாத பண்டம், இறைச்சிக்கு முன்னரோ அதனுடனோ கிரேவி ஊற்றி உண்ணப்படுவது.