உளவியல் பட்டப்படிப்பு: உள்ளே என்ன இருக்கிறது, கணக்கு எவ்வளவு வேண்டும்?

நிலாமுற்றம்:
பள்ளியில் இது கடைசி வருடம். பல்கலைக்கழகத்தில் உளவியல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். தனியாக ஒரு மாதிரி இருப்பவர் கூட்டத்தில் ஏன் வேறு மாதிரி ஆகிறார், கண்ணால் பார்த்ததையே மக்கள் எப்படி மாற்றி நினைவு வைத்திருக்கிறார்கள், இதெல்லாம் தெரிய வேண்டும். வகுப்பில் உண்மையில் என்ன சொல்லித் தருவார்கள்? கணக்கு எனக்குச் சுமார்தான், தாக்குப்பிடிக்க முடியுமா? பட்டம் வாங்கியதும் கவுன்சிலிங் கொடுக்கலாமா?

அளவுகோல்:
கணக்கைப் பற்றிய பயம்தான் பலரைத் தடுக்கிறது, அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்ட நினைவு விஷயத்திலேயே உதாரணம் இருக்கிறது.

1974-இல் லாஃப்டஸ், பாமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கார் விபத்துத் திரைப்படத் துண்டு ஒன்றைக் காட்டிவிட்டு வேகத்தைப் பற்றிக் கேட்டார்கள். 50 பேரிடம் கார்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள், இன்னொரு 50 பேரிடம் "இடித்தபோது" என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் குழுவில் 16 பேரும் இரண்டாவதில் 7 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை!

16-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாமே? இதைக் கேட்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பின் உயிர். மொத்தம் 23 பேர் ஆமாம் என்றார்கள். சொல்லுக்கு ஒரு பாதிப்பும் இல்லையென்றால் குழுவுக்கு 11.5 பேர் வந்திருக்க வேண்டும். இல்லை என்றவர்கள் குழுவுக்கு 38.5. இரண்டு குழு, ஆமாம்/இல்லை என்று இரண்டு பதில், ஆக நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் உண்மை எண்ணுக்கும் எதிர்பார்ப்புக்கும் வித்தியாசம் 4.5. அதன் வர்க்கம் 20.25. அதை அந்தந்த எதிர்பார்ப்பு எண்ணால் வகுத்து நான்கு கட்டத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 4.57 வரும். வழக்கமான 5 சதவீத எல்லைக்கு (தற்செயல் மட்டுமே என்றால் நூற்றில் ஐந்து முறைதான் தாண்டும் அளவு) 3.84 தாண்டினால் போதும், தாண்டிவிட்டது. இதன் பெயர் கை-ஸ்கொயர் சோதனை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தவிர இதில் என்ன இருக்கிறது? திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன), ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுகின்றனவா), டி-சோதனை (சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா), பின்னடைவுப் பகுப்பாய்வு (ஓர் அளவை வைத்து இன்னொன்றைக் கணிப்பது) எல்லாம் இதே ரகம்தான், பெரும்பகுதியை மென்பொருளே செய்துவிடும்.

மாணவர்கள் சறுக்குவது கணக்கில் அல்ல, அதன் பொருளில். பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் "என் கருதுகோள் 95 சதவீதம் சரி" என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. விளைவே இல்லை என்று வைத்துக்கொண்டால் இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது.

மூன்றாம்படி:
கவுன்சிலிங் விஷயம்: இளங்கலைப் பட்டம் மட்டும் போதாது. முதுகலை அல்லது அதற்கு மேல், அதோடு மூத்தவர் மேற்பார்வையில் பயிற்சி, பல நாடுகளில் பதிவும் உரிமமும் வேண்டும். மனநல மருத்துவர் ஆவது முற்றிலும் வேறு பாதை, அதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டும். சேருவதற்கு முன்பே அந்தப் பட்டத்தை உரிமம் தரும் அமைப்பு ஏற்கிறதா என்று பாருங்கள். சேர்ந்த பிறகு தெரிந்தால் வருடங்கள் வீணாகும்.

பாடங்கள் எங்கு போனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: புலனறிவும் நினைவும், வளர்ச்சி, சமூக உளவியல், மூளையும் நரம்பும், ஆளுமை, மனநலக் கோளாறுகள். உங்கள் கூட்டத்துக் கேள்வி சமூக உளவியலில் வரும். ஆனால் துறையைத் தேர்வு செய்யும்போது இந்தப் பட்டியலைப் பார்க்காதீர்கள். ஆய்வு முறைகளுக்கு எத்தனை பருவம், கடைசி வருடம் சொந்த ஆய்வு உண்டா என்று பாருங்கள். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் குறிப்பிடத்தக்க முடிவு, அதாவது அந்த 5 சதவீத எல்லையைத் தாண்டிய முடிவு, காட்டியிருந்தன. மறுமுறை 36 சதவீதம்தான் காட்டின. மிகக் குறைவான ஆட்களை வைத்துச் செய்வது, சாதகமான முடிவு வந்தால் மட்டும் வெளியிடும் வழக்கம் எல்லாம் இதற்குப் பின்னால் இருக்கின்றன. இதை மறைக்காமல் வகுப்பில் அலசும் துறையை நம்பிச் சேரலாம்.

நிலாமுற்றம்:
அந்தக் கட்டக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், 4.57 வந்தது. ரொம்ப நன்றி. சேருவதற்குள் நானே செய்து பார்க்க ஏதாவது உண்டா?

அளவுகோல்:
ஸ்ட்ரூப் சோதனை செய்யுங்கள். மையின் நிறத்தைச் சொல்லும்போது எழுதியிருக்கும் சொல் எவ்வளவு குறுக்கிடுகிறது என்று பார்ப்பது அது. 1935-இல் வந்தது, தாளும் கடிகாரமும் போதும்.

இரண்டு தாள். முதலாவதில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் நிறத்தில் 40 சிறு கட்டங்கள், நிறத்துக்குப் பத்து. இரண்டாவதில் அதே நான்கு நிறப் பெயர்கள் 40, ஆனால் வேறு நிற மையில்: "சிவப்பு" என்ற சொல் பச்சை மையில், இப்படி. ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது. இரண்டு தாளிலும் நிறத்தை மட்டும் உரக்கச் சொல்லவேண்டும், சொல்லைப் படிக்கக்கூடாது. இதை உருவாக்கிய உளவியலாளர் ஸ்ட்ரூப் தாளுக்கு 100 வைத்துச் செய்தபோது கட்டங்களுக்குச் சராசரி 63 விநாடி, சொற்களுக்கு 110 ஆனது.

கெடுவது எங்கே என்றால், எல்லாருக்கும் முதல் தாளையே முதலில் கொடுப்பதில். பழக்கத்தால் இரண்டாவது வேகமாகும், அல்லது களைப்பால் மெதுவாகும். எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. 12 பேர் என்றால் ஆறு பேருக்கு வரிசையை மாற்றுங்கள். எந்தத் தாள் கடினம் என்று நீங்கள் எதிர்பார்ப்பதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள், ஆனால் சம்மதம் கேளுங்கள், நடுவில் நிறுத்தலாம் என்றும் சொல்லுங்கள். தவறினால் அங்கேயே திருத்தச் சொல்லி, கடிகாரத்தை ஓடவிடுங்கள். நிறக்குருடு உள்ளவரைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். சொற்கள் பங்கேற்பவர் சரளமாகப் படிக்கும் மொழியில் இருக்கட்டும், தடுமாறிப் படிப்பவருக்குச் சொல்லின் குறுக்கீடு சுருங்கிவிடும்.

ஆளுக்கு ஒரு வரி: தாள் வரிசை, இரண்டு நேரங்கள், பிழைகள், நேர வித்தியாசம். அந்தக் கடைசி எண்களின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் இங்கே போடுங்கள், டி-சோதனையைச் சேர்ந்தே செய்யலாம்.