திஸ்கி, பாமினிக் கோப்புகளை மாற்ற: விண்டோஸுக்குள் லினக்ஸ் கருவிகளா, தனி லினக்ஸா?

கெடிலக்கரை அச்சகம் (திருப்பாதிரிப்புலியூர்)
வணக்கம். சின்ன அச்சகம், கூடவே டிடிபி. கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர் என்று பழைய கோப்புகள் ஹார்ட் டிஸ்கில் குவிந்து கிடக்கின்றன. நாங்கள் அடித்ததெல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில். வெளிநாட்டிலிருந்து கட்டுரை அனுப்பியவர்கள் பலர் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் அனுப்பினார்கள். பேஜ்மேக்கரிலிருந்து உரையை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து டெக்ஸ்ட் கோப்புகளாக டி டிரைவில் வைத்துவிட்டேன். மொத்தத்தையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து இணையத்தில் ஒட்டி மாற்றினால் தலைமுறை தாண்டும். லினக்ஸ் கமாண்ட் லைனில் ஒரே வரியில் முடியும் என்கிறார்கள். ஆனால் டாலியும் பேஜ்மேக்கரும் இந்த ஒரே கணினியில் ஓடியாக வேண்டும். விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம். என்ன செய்யலாம்?

பாகூர் பெங்குயின்
லினக்ஸ் கருவி வேண்டுமென்றால் லினக்ஸ் போடுங்கள் சார். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்) வையுங்கள், பகலில் டாலி, ராத்திரி உபுண்டு லினக்ஸ். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் 'ஒயின்' மென்பொருளில் பேஜ்மேக்கரை ஓட்டிப் பாருங்கள். அந்தத் திட்டம் 1993லிருந்து நடக்கிறது. ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றை ஒளித்து வைத்து ஓட்டுவது எனக்கு எப்போதுமே பிடிக்காத வேலை.

மிஷன் வீதி
அண்ணே, அவர் அச்சகம் நடத்துகிறார். முகூர்த்த நாள் நெருங்கும்போது கணினியை அணைத்து வேறு தளத்தில் பூட் பண்ணிக்கொண்டிருக்க முடியுமா? கிட் பாஷ் போதும், விண்டோஸிலேயே லினக்ஸ் மாதிரி கமாண்ட் லைன் தரும். கிரெப், செட், ஆக், குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் எல்லாம் கூடவே வருகிறது. நிர்வாகி அனுமதிகூட வேண்டாம்.

லாஸ்பேட்டை மாணவி
கிட் பாஷ் இந்த வேலைக்கு ஒத்துவராது அண்ணா. அதில் இருப்பது லினக்ஸ் நிரல்கள் இல்லை, விண்டோஸுக்காக மறுபடி கம்பைல் செய்தவை. அதன் அடியில் இருக்கிற எம்சிஸ்2, 1995ல் சிக்னஸ் நிறுவனம் தொடங்கிய சிக்வினின் வழியில் வந்தது. நடுவில் ஒரு டிஎல்எல் (விண்டோஸ் நூலகக் கோப்பு) உட்கார்ந்து யூனிக்ஸ் அழைப்புகளை விண்டோஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். விண்டோஸில் ஃபோர்க் (ஓடும் நிரல் தன்னையே நகலெடுக்கும் அழைப்பு) கிடையாது, அதைப் பாவனை செய்தாக வேண்டும். அதனால் ஆயிரம் கோப்புக்கு ஆயிரம் முறை ஒரு நிரலைக் கிளப்பும் ஸ்கிரிப்ட் அங்கே நொண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அதிலுள்ள ஐகான்வ் 'லிப்ஐகான்வ்' என்ற தனி நூலகத்தை நம்பியது. அதில் திஸ்கி இல்லை. உபுண்டுவில் இருக்கிற ஐகான்வ் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியோடு வருவது, அதில் திஸ்கி இருக்கிறது. இரண்டையும் பட்டியல் காட்டச் சொல்லிப் பாருங்கள். பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் டபிள்யூஎஸ்எல் 2 போடுங்கள். உண்மையான லினக்ஸ் கெர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) உள்ளே ஓடும்.

மிஷன் வீதி
திஸ்கி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டபிள்யூஎஸ்எல் 2 என்பது ஒரு மெய்நிகர் கணினிதானே தங்கச்சி. இருக்கிற ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபியில் 4 அங்கே போனால் பேஜ்மேக்கர், டாலி, பிரவுசர் எல்லாம் மிச்சத்தில் நெருக்கியடிக்க வேண்டும். அதன் மெய்நிகர் வட்டுக் கோப்பும் வளரும், உள்ளே அழித்தாலும் தானாகச் சுருங்காது.

லாஸ்பேட்டை மாணவி
டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் 2 ஜிபிக்கு மேல் எடுக்காதே என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பாகூர் பெங்குயின்
பார்த்தீர்களா? ஒரு வரி, இன்னொரு கோப்பு, பயாஸில் விர்ச்சுவலைசேஷன், நோட்பேடில் திருத்திய ஸ்கிரிப்ட்டில் வரி முடிவுக் குறி மாறிப்போய் பாஷ் முறைத்துக்கொள்வது. இத்தனைக்கும் ஒரு நேரான வழி இருக்கும்போது!

முதுநகர் துறைமுகம்
வரி முடிவுக் கதை பழசு தம்பி. நோட்பேட் 2018லிருந்தே யூனிக்ஸ் வரி முடிவைக் கெடுக்காமல் காப்பாற்றுகிறது.

நீங்கள் எல்லோரும் கெர்னலைப் பற்றியே பேசுகிறீர்கள். அவருக்கு வேண்டியது கெர்னல் இல்லை, ஜிலிப்சி. அதோடு கோப்புகள் டி டிரைவில் இருக்கின்றன. டபிள்யூஎஸ்எல் 2 விண்டோஸ் டிரைவைத் தொடும்போது ஒவ்வொரு கோப்புக்கும் 9பி என்ற நெறிமுறை வழியாக வெளியே வந்து போக வேண்டும். சின்னச் சின்னக் கோப்பு ஆயிரக்கணக்கில் இருந்தால் இழுத்தடிக்கும்.

2016ல் வந்த பழைய டபிள்யூஎஸ்எல் 1 இன்னும் இருக்கிறது. அதில் மெய்நிகர் கணினியே கிடையாது. லினக்ஸ் நிரல் கேட்பதை விண்டோஸ் கெர்னலே நேரடியாகக் கேட்டுப் பதில் சொல்கிறது. ரேம் ஒதுக்கீடு இல்லை, பயாஸைத் தொட வேண்டாம், டி டிரைவையும் வேகமாகத் தொடும். டாக்கர் போன்றவை அதில் ஓடாது, ஆனால் மலர்க் கட்டுரைக்கு டாக்கர் எதற்கு? உள்ளே இருப்பது அதே உபுண்டு, அதே ஐகான்வ்.

லாஸ்பேட்டை மாணவி
அண்ணா, புது வசதியெல்லாம் 2க்குத்தான் வருகிறது. பழையதைப் போடச் சொல்வது முறையா?

முதுநகர் துறைமுகம்
படிக்கிற பிள்ளைக்கு நான் 2தான் சொல்வேன். இவருக்கு ஒரு வேலை, ஒரு முறை. முடிந்ததும் கழற்றி எறியலாம். புயலுக்கு வாங்கிய ஜெனரேட்டரை யாரும் வருடம் முழுக்க ஓட்டுவதில்லை.

மிஷன் வீதி
பாமினியை யாரும் பேசவில்லையே. அதை எந்த ஐகான்வும் மாற்றாது. அது குறியாக்கமே இல்லை, எழுத்துருவின் வேஷம். 'அம்மா' என்று திரையில் தெரிவது உள்ளே ஐந்து ஆங்கிலத் தட்டச்சுக் குறிகள், அதில் ஒன்று அரைப்புள்ளி. கொம்பு வேறு மெய்க்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் அது பின்னால் போக வேண்டும். அதற்குப் பைத்தானும் 'ஓப்பன் தமிழ்' நூலகமும் இருக்கின்றன. பைத்தான் விண்டோஸிலேயே நேராக ஓடும். ஆக, பாதி வேலைக்கு லினக்ஸே வேண்டாம்.

பாகூர் பெங்குயின்
பைத்தானை இரண்டு இடத்தில் நிறுவி எந்தப் பைத்தான் எந்தக் கோப்பைத் தொட்டது என்று தேடப்போகிறார். நான் சொன்னதுதான் சொன்னது.

கெடிலக்கரை அச்சகம் (திருப்பாதிரிப்புலியூர்)
முதுநகர் சார் சொன்னபடி டபிள்யூஎஸ்எல் 1 போட்டேன். திஸ்கிக் கோப்புகள் அழகாக மாறிவிட்டன. பைத்தானையும் அதற்குள்ளேயே வைத்துப் பாமினியை ஓட்டினேன். தமிழ் நன்றாக வருகிறது, ஆனால் கட்டுரை நடுவில் ஆங்கிலத்தில் இருந்த டாக்டர் பட்டம், ஈமெயில் முகவரி எல்லாம் சேர்ந்து தமிழ்க் குப்பையாகிவிட்டது. விளம்பரப் பக்கங்களில் இதுதான் பாதி.

முதுநகர் துறைமுகம்
வெறும் டெக்ஸ்ட்டாக எடுத்தால் எது எந்த ஃபான்ட் என்ற தகவல் போய்விடும் சார். பேஜ்மேக்கரில் திரும்ப ஆர்டிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், ஃபான்ட் பெயர் கூடவே வரும். பாமினி என்று குறித்த பகுதியை மட்டும் மாற்றும்படி ஸ்கிரிப்ட்டைத் திருத்தலாம். ஒரு மாதிரிக் கோப்பை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

பாகூர் பெங்குயின்
அந்த எக்ஸ்போர்ட்டுக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்பது எனக்கும் தெரிகிறது. மாதிரிக் கோப்பைப் போடுங்கள் சார், செட் வரிகளை நான் எழுதித் தருகிறேன்.