மறுமொழி: காலிஃப்ளோரி – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

பலாவைப் போல அடிமரத்திலும் பருத்த முதுகிளைகளிலும் நேராகப் பூப்பதுதான் காலிஃப்ளோரி. அதற்கு முன்வைக்கப்பட்ட 'தண்டுப்பூப்பு' எனக்கு ஒட்டவில்லை. தண்டு என்றதும் கீரைத்தண்டும் வாழைத்தண்டும்தான் நினைவுக்கு வருகின்றன; பலாவின் அடிமரத்தைத் தண்டு என்று யார் சொல்கிறார்கள்? பூப்பு என்ற சொல்லும் பெண் பருவமெய்துவதற்கே உரியதாகிவிட்டது.

சொல்லைத் தேடுமுன் மரத்தைப் பார்ப்போம். கொக்கோ மரத்தில், இலை என்றோ உதிர்ந்த இடத்தில் பட்டை சற்றே புடைத்திருக்கும். அந்தத் திண்டிலிருந்து நகக்கண் அளவுப் பூக்கள் மெல்லிய காம்புகளில் கொத்தாகத் தொங்கும். அடுத்த பருவத்திலும் அதே திண்டு பூக்கும். மகரந்தம் சுமப்பவை, கீழே மக்கும் சருகுகளில் வளரும், கொசுவினும் சிறிய ஈக்கள். திருவோட்டு மரத்திலோ இரவில் வௌவால் வருகிறது. இலை நெருக்கத்துக்குள் நுழையாமல் நேராகப் பூவை அடைய அதற்கு இது வசதி. நாகலிங்கமும் இப்படி அடிமரத்தில் பூப்பதுதான். ஆக, கரு 'தண்டு' அல்ல, முதிர்ந்த மரப்பகுதி.

நம்மிடம் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்ற பழைய பகுப்பு உண்டு. கோடு என்றால் கிளை. அடிமரத்துக்கு அதில் இடமில்லை. பலா வேரடியில் காய்ப்பதை மட்டும் கபிலர் 'வேர்க்கோட் பலவு' என்று குறுந்தொகையில் குறித்துவிட்டார். அடிமரத்துக்குப் பழஞ்சொல் 'அரை' (பருத்த அடிமரத்தைக் குறிக்கும் பராரை என்பதில் வருவது). 'அரைப்பூ' என்று வைக்க ஆசைதான். மாணவர்கள் பாதிப்பூ என்று படிப்பார்களே!

என் முன்மொழிவு: பட்டைமலர்வு. பட்டையைப் பிளந்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது.

– – –

ஐயா,

சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு தடைகள். ஒன்று, சமையலறையில் பட்டை என்றால் இலவங்கப்பட்டை. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றது கனமானது: இரண்டு வயதுக் கிளைக்கும் பட்டை உண்டு. அதில் பூப்பதையும் இச்சொல் அள்ளிக்கொள்ளுமே? 'முதுபட்டைமலர்வு' என்றால் நாக்கு சுளுக்கும். 'அடிமரமலர்வு' என்று வைத்து, பருத்த முதுகிளைகளும் அடங்கும் என விளக்கத்தில் எழுதலாமா? கிளையில் பூப்பதற்குக் 'கோட்டுமலர்வு' என்று பழைய சொல்லையே மீட்டெடுக்கலாம்.

– – –

அம்மா,

கோட்டுமலர்வுக்கு என் முழு ஒப்புதல். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடிமரமலர்வுதான் பொருந்துகிறது; பட்டையை விட்டுவிடுகிறேன். கொக்கோவின் அந்தப் புடைப்புக்குப் 'பூத்திண்டு' என்பதையாவது ஏற்பீர்களா?